புழுப் பொறுக்கின கை

"புழுப் பொறுக்கின கையிலை பூப் பூக்குமோடி?" என்று மாமி கேட்டார்.

அது ஆவணி மாதத்துப் பின்னேரம். தென்மேற்குச் சோளகக் காற்று தோட்டத்துப் புழுதியை அள்ளிக் கொண்டுவந்து வேலியில் கொட்டிக்கொண்டிருந்தது. என் கையில் கண்டியிலிருந்து வந்த விதைப் பொட்டலம் ஒன்று இருந்தது. அப்பாவை நாங்கள் அப்பு என்போம்; மாமி அப்புவின் அக்கா. எங்கள் வளவிலேயே அடுத்த வீட்டில் இருந்தவர். நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. படித்தவள் என்பதால் பதில் சொல்லாமல் இருப்பதே பெரிய பதில் என்று அப்போது நினைத்திருந்தேன்.

மாமி கேட்டதில் பொய் இல்லை. நாங்கள் கோப்பாயில் புகையிலை செய்கிறவர்கள். கன்று தலையெடுத்த நாளிலிருந்து இலை வெட்டும் நாள்வரைக்கும் விடிய எழும்பி, ஒவ்வோர் இலையாகப் பிரட்டிப் பார்த்துப் புழு எடுக்கவேண்டும். எடுத்ததைத் தேங்காய்ச் சிரட்டையில் போட்டுக்கொண்டு வந்து கோழிக்குக் கொட்டவேண்டும், இல்லையென்றால் காலால் நசுக்கவேண்டும். ஐந்து வயதில் என் கையில் சிரட்டை தந்தார்கள். சிலேட்டு அதற்குப் பிறகுதான் வந்தது.

ஆனாலும் வந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கையெழுத்து வைத்தவள் நான். அப்பு இன்றைக்கும் பெருவிரலை மையில் தோய்க்கிறவர். இது எனக்கு ஒருபோதும் மறந்ததில்லை. மற்றவர்களும் மறந்துவிடாதபடி நடந்துகொண்டேன்.

படிப்பு முடிந்ததும் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே தற்காலிக ஆசிரியையாக என்னை வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துக்கும் எங்கள் வளவுக்கும் நடுவில் தென்னோலை பின்னிய ஒரு கிடுகு வேலிதான். தற்காலிகம் நிரந்தரமாவதற்கு ஒரே வழி, ஆசிரியர் பயிற்சிக்குப் போகிறவர்களின் பட்டியலில் பெயர் வருவது. கார்த்திகை விளக்கீடு கழிந்ததும் பட்டினத்துக் கல்வி அலுவலகத்திலிருந்து பரிசோதகர் வருவார். தற்காலிகமாக இருக்கும் மூன்று பேரும் அவர் முன்னால் பள்ளித் தோட்டத்தில் ஓர் இயற்கைப் பாடம் நடத்திக் காட்டவேண்டும். அதைப் பார்த்துத்தான் அவர் பெயர் எழுதுவார் என்று தலைமை ஆசிரியர் சொன்னார்.

மற்ற இருவரில் ஒருவர் தென்னை என்றார். மற்றவர் காகம் என்றார். நான் வண்ணத்துப்பூச்சி என்றேன்.

காகத்தை எடுத்தவர் சிரித்தார். "காகம் எப்பவும் வரும், தங்கச்சி. ஒரு துண்டு வடை போதும். வண்ணாத்திப்பூச்சி ஆரின்ரை சொல்லைக் கேக்கும்?"

"என்ரை சொல்லைக் கேக்கும்" என்றேன். எல்லோருக்கும் முன்னால்.

அப்புவிடம் போய்ச் சொன்னபோது அவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார். "உந்தப் பட்டியலிலை பேர் வருமோ?"

"வரும், அப்பு."

"வந்தால் போ. நான் மறிக்கேல்லை. வராட்டில் தைக்குத் தோட்டத்துக்கு ஆள் காணாது. நீ வா."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் வரும், வராவிட்டால் கிணற்றில் துலா மிதித்து இறைக்கவேண்டும் என்று சொல்வதுபோலச் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயம் பிடித்தது.

பள்ளிக்கூட அலுமாரியில் பூந்தோட்டம் பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. செல்லரித்த அட்டை. இலையுதிர்காலத்துப் பூக்களுக்குத்தான் வண்ணத்துப்பூச்சிகள் நிறைய வரும் என்று அதில் எழுதியிருந்தது. இலையுதிர்காலம் என்றால் எங்களுக்கு எது? யாழ்ப்பாணத்தில் பனையோலை தனக்கு விருப்பமான நேரத்தில் விழும். மற்ற மரங்களும் ஒருவரையொருவர் கேட்பதில்லை. மாதங்களை எண்ணிப் பார்த்தேன். அவர்களுடைய இலையுதிர்காலம் எங்களுடைய கூதிர், ஐப்பசியும் கார்த்திகையும். பரிசோதகர் வருவதும் அப்போதுதான். புத்தகமும் பரிசோதகரும் எனக்காகப் பேசி வைத்ததுபோல இருந்தது.

பள்ளிக்கூடப் பக்கத்து வேலியோரம் ஐந்து பாத்தி கொத்தினேன். சீனியாவும் கொஸ்மொசும் கண்டி விதை. வாடாமல்லிகை, காசித்தும்பை, பட்டிப்பூ எல்லாம் ஊரில் கேட்டு வாங்கியவை. வேலிக்கு அந்தப் பக்கம் தானாக முளைத்து நின்ற எருக்கலைச் செடிகளையும் வெட்டாமல் விட்டேன். அதன் பூவில் பூச்சிகள் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் எங்கள் கிணற்றிலிருந்து வேலிப் பொட்டுக்குள்ளால் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுபோனேன். பொட்டு என்றால் வேலியில் ஆள் நுழையும் ஓட்டை. எங்கள் ஊரில் பாதிப் போக்குவரத்து அதற்குள்ளால்தான்.

ஐப்பசி முதல் மழையோடு பூத்தது. மறுநாள் விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஐந்து பாத்தியிலும் ஒரு பூ இல்லை. காம்புகள் மட்டும் நின்றன.

அம்மா பிள்ளையார் கோயிலுக்குப் போகப் பூத்தட்டோடு நின்றார். தட்டு நிறையச் சீனியா.

"அம்மா, இது பள்ளிக்கூடத்துப் பூ!"

"பூவிலையும் பள்ளிக்கூடத்துப் பூ எண்டு இருக்கோ? வண்டு மொய்க்க முன்னம் பறிச்சால்தானே சாமிக்கு வைக்கலாம்."

"எனக்கு வண்டு மொய்க்கத்தான் வேணும்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்சுப் படிச்சு இப்பிடியே வந்து நிக்கிறாய்? எச்சில் பூவை வளக்கிறதுக்கோ உவ்வளவு தண்ணி அள்ளினனீ?"

இரண்டு நாள் கதைக்காமல் இருந்தோம். மூன்றாம் நாள் அம்மாவே சொன்னார், இரண்டு பாத்தி பிள்ளையாருக்கு, மூன்று பாத்தி எனக்கு என்று. பிறகு ஒரு பூக்கூட எல்லை மீறிப் பறிக்கவில்லை.

அதன்பின் அவை வந்தன. முதலில் மஞ்சள் நிறத்தவை. வடக்கேயிருந்து வரிசையாகப் பறந்து வந்து, பெரும்பாலானவை நில்லாமல் தெற்கே போய்க்கொண்டிருந்தன. சில இறங்கின. பிறகு கறுப்பில் சிவப்புப் பொட்டு வைத்தவை. பிறகு செம்மஞ்சள் நிறத்தில், செட்டை விளிம்பு கறுத்து, அதற்குள் வெள்ளைப் புள்ளி வைத்தவை. இவை எங்கும் போகவில்லை. எருக்கலைக்கும் பாத்திக்கும் நடுவில் நாள் முழுவதும் திரிந்தன. காகம் எடுத்தவர் வேலியோரம் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்த ஒரு கிழமை நான் நிலத்தில் நடந்ததாக நினைவில்லை.

பிறகுதான் இலைகளில் புழுவைக் கண்டேன்.

எருக்கலை இலையின் அடியில் இருந்தன. கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வளையம் வளையமாக, கொம்புபோல இரண்டிரண்டு நூல் நீட்டிக்கொண்டு. நான் யோசிக்கவில்லை. யோசிக்கிற வேலையே அல்ல அது. கை தானாகச் சிரட்டையை எடுத்தது, இலையைப் பிரட்டியது, விரல் தானாக நுள்ளியது. கோழிக்குக் கொட்டினேன். கோழி ஒன்றைக் கொத்திப் பார்த்துவிட்டு அலகை நிலத்தில் துடைத்துக்கொண்டு விலகிப்போனது. ஆகவே காலால் நசுக்கினேன். வீட்டுக் கறிவேப்பிலையிலும் எலுமிச்சைத் தேசி மரத்திலும் இருந்த பச்சைப் புழுக்களையும் விடவில்லை. என் தோட்டத்துக்குப் பக்கத்தில் எந்தப் புழுவும் இருக்கக்கூடாது. மூன்று கிழமையாக ஒவ்வொரு விடியலும் அதுதான் வேலை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வரும்போது நான் கால் கழுவிக்கொண்டு நிற்பேன்.

"புழு எடுக்கிறதிலை உவளை அடிக்க ஆளில்லை" என்று மாமிகூடச் சொன்னார். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

கார்த்திகை பிறந்ததும் பூச்சிகள் குறையத் தொடங்கின. மஞ்சள் கூட்டம் கடந்து போய்விட்டது. செம்மஞ்சள் பூச்சிகளின் செட்டை கிழிந்து, நிறம் மங்கி, ஒவ்வொன்றாகக் காணாமற்போயின. புதிதாக ஒன்றும் வரவில்லை. பூ இருந்தது, தேன் இருந்தது, பாத்தியில் ஒரு புல் இல்லை. எனக்கு விளங்கவில்லை. இன்னும் கவனமாகப் புழு எடுத்தேன்.

பரிசோதகர் வருவதற்குப் பதினைந்து நாள் இருக்கையில், பாடத்தை ஒருமுறை பிள்ளைகளுக்கு நடத்திப் பார்த்தேன். முட்டை, புழு, கூடு, பூச்சி. நான் சோதனைக்கு மனப்பாடம் செய்து முழுப் புள்ளியும் வாங்கிய பாடம். கரும்பலகையில் படம் கீறினேன். புழுவைக் கீறும்போது என்ன புழு கீறுவது என்று நினைக்கவில்லை. கைக்குத் தெரிந்த புழுவைக் கை கீறியது. வளையம் வளையமாக. தலையில் நூல்.

முன்வரிசை வாங்கில் இருந்த சின்னப் பெண் எழும்பினாள். "ரீச்சர், உது நீங்கள் காலமை காலமை உழக்கிற புழுவெல்லோ?"

சோக் என் கையில் நின்றது. பிள்ளைகள் எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். பிறகு என் காலைப் பார்த்தார்கள்.

"புத்தகத்தை எடுங்கோ" என்றேன். எந்தப் புத்தகம் என்று சொல்லவில்லை. அவர்கள் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்தார்கள்.

மணி அடித்ததும் எருக்கலைக்குப் போனேன். இலையெல்லாம் சுத்தமாக இருந்தது. ஒரு துளை இல்லை, ஒரு முட்டை இல்லை. அவ்வளவு திருத்தமாக நான் வேலை செய்திருந்தேன். மூன்று கிழமையாக என் வண்ணத்துப்பூச்சிகளை நானே காலுக்குக் கீழே போட்டு அரைத்திருக்கிறேன். நால்வருக்குச் சொல்லிக் கொடுக்கும் படிப்பு என் வாயில் இருந்தது. கையில் இருந்தது சிரட்டை.

அன்று பின்னேரமும் மறுநாளும் மழைக்குள் அலைந்தேன். சுடலைக்குப் போகும் ஒழுங்கையில் எருக்கலை நிறைய நிற்கும். பெண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. போனேன். ஒவ்வோர் இலையாகப் பிரட்டினேன், அதே விரல்களால். பால் பட்டுக் கை பிசுபிசுத்தது. ஆறு புழு கிடைத்தது. ஓலைப் பெட்டியில் இலை பரப்பி, அவற்றை வைத்து, மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அப்பு பெட்டியைத் திறந்து பார்த்தார். அவருடைய புகையிலை நாற்று அப்போதுதான் நாலு இலை விட்டிருந்தது.

"புழு வளக்கிறியோ? என்ரை நாற்றுமேடைக்குப் பக்கத்திலை?"

"இது எருக்கலை மட்டுந்தான் தின்னும், அப்பு."

"புழு உனக்குச் சத்தியம் பண்ணித் தந்ததோ?"

அவர் பெட்டியை அடுப்புப் பக்கம் கொண்டுபோனார். நான் பின்னாலே போய்க் கையைப் பிடித்தேன். பெரியவளான பிறகு நான் அப்புவின் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அவர் நின்றார். என்ன நினைத்தாரோ, நாற்றுமேடையில் ஒரு இலை நுள்ளிக்கொண்டு வந்து, ஒரு புழுவைத் தூக்கி அதன்மேல் விட்டார். இருவரும் குந்தியிருந்து பார்த்தோம். புழு தலையை ஆட்டியது, விளிம்புவரைக்கும் நடந்தது, தின்னாமல் இறங்கிப் போனது. அப்பு திரும்பவும் தூக்கி வைத்தார். திரும்பவும் இறங்கியது.

"ம். உது எங்கடை ஆள் இல்லை" என்றார். பெட்டியை என்னிடம் தந்துவிட்டார்.

ஆறில் நாலு செத்தன. ஈரத்தாலோ என் பதற்றத்தாலோ தெரியவில்லை. இரண்டு மட்டும் மூடியின் உட்புறத்தில் தலைகீழாகத் தொங்கிக் கூடாயின. இளம்பச்சை நிறம், பொட்டுப் பொட்டாகப் பொன்.

பரிசோதகர் வந்த அன்று வாடைக்காற்று. விடியத் தொடங்கிய மழை அவர் வந்து இறங்கும்போதுதான் ஓய்ந்தது. சீனியா எல்லாம் சேற்றில் முகம் குப்புறக் கிடந்தன. தென்னைப் பாடம் நடந்தது. காகப் பாடத்துக்கு ஒரு வடைக்கு ஒன்பது காகம் வந்தன, பரிசோதகர் சிரித்தார். பிறகு என் பாத்திகளுக்கு முன்னால் வந்து நின்றார். நான் பாடம் சொன்னேன். ஒரு சொல் பிழைக்கவில்லை.

"வடிவாய்ச் சொல்லுறியள், பிள்ளை. வண்ணாத்திப்பூச்சி எங்கை?"

ஓலைப் பெட்டி வகுப்பறையில் என் மேசைக்குக் கீழே இருந்தது. நாலு எட்டு வைத்தால் எடுத்து வந்திருக்கலாம். ஆனால் எடுத்தால் ஏன் இரண்டுதான் என்று கேட்பார். ஏன் என்று நான் சொல்லவேண்டிவரும். முன்வாங்குப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மழை, ஐயா" என்றேன்.

"ஓம், மழைதான்" என்றார் அவர். புத்தகத்தில் எழுதினார். "தோட்டம் இருக்கு. காட்ட ஒண்டும் இல்லை. பாப்பம், இன்னொரு முறை பாப்பம்." பட்டியல் அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் கொழும்புக்குப் போகும் என்று தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எழுத வரவில்லை. வகுப்பில் நின்றேன். வீட்டில் சோறு பிசைந்தேன். அம்மா எல்லாப் பாத்தியிலும் பூப் பறிக்கலாமா என்று மெதுவாகக் கேட்டார், பறியுங்கோ என்றேன். அப்பு நல்ல பெரிய சிரட்டை ஒன்றைத் தேடி எடுத்து, தும்பு போகச் சுரண்டி, ஓட்டை போட்டுக் கயிறு கட்டி என் பாய்க்குப் பக்கத்தில் வைத்திருந்தார். எனக்காகச் செய்த வேலை. அவ்வளவு அழகாகச் செய்திருந்தார். அதைப் பார்த்துத்தான் நான் அழுதேன்.

வியாழக்கிழமை காலை, முதலாவது கூடு கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. உள்ளே மடித்து வைத்த செட்டை தெரிந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு போய் வகுப்பின் நடுவில் வைத்தேன். பாடம் சொல்லவில்லை. பிள்ளைகள் சுற்றிக் குந்தினார்கள். கூடு வெடித்தது. நனைந்த துணிபோல ஒன்று வெளியே வந்து தொங்கி, மெல்ல மெல்ல விரிந்தது. மணி அடித்தும் ஒருவரும் எழும்பவில்லை.

"ரீச்சர், மற்றதுகளும் இப்பிடித்தானோ வந்திருக்கும்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஓம்" என்றேன். "நான் கொல்லாட்டில் வந்திருக்கும்."

சொல்லி முடித்தபின் ஒன்றும் நடக்கவில்லை. கூரை விழவில்லை. அவள் தலையாட்டிவிட்டுப் பூச்சியைப் பார்க்கத் திரும்பினாள்.

வெள்ளி விடிய மற்றக் கூடும் கறுக்கத் தொடங்கியிருந்தது. நான் சேலை மாற்றிக்கொண்டு பெட்டியை எடுத்தேன்.

"எங்கை?" என்றார் அம்மா.

"பட்டினத்துக்கு. கல்விக் கந்தோருக்கு."

"தனியவோ? ஆரிட்டையும் போய் ஒண்டும் கேளாதவள் நீ."

"கேக்கப் போகேல்லை, அம்மா. சொல்லப் போறன்."

மாமி தன் வாசலில் நின்று கூப்பிட்டார். "எடி, புழுவையும் கொண்டே பரிசோதகரைப் பாக்கப் போறாய்? துரைமார் வாசலிலையே திரத்தப் போறாங்கள்."

"திரத்தினால் வாறன், மாமி."

அம்மா வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்துவந்து, காற்று உள்ளே போகும்படி பெட்டியைத் தளர்வாகக் கட்டித் தந்தார். அது கோயில் பூத்தட்டு மூடுகிற துண்டு. அப்பு தோட்டத்துக்குப் போய்விட்டார். சிரட்டை பாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது.

கோப்பாய்ச் சந்தியில் பஸ் ஏறினேன். பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். மழை இல்லை, ஐயா. நான்தான். ஆங்கிலத்திலும் சொல்லிப் பார்த்தேன். தமிழில்தான் கூச்சமில்லாமல் வந்தது. பட்டியல் கட்டி அனுப்புவதற்குள் நான் போய்ச் சேரவேண்டும். நான் போய்ச் சேருவதற்குள் கூடு வெடிக்கக்கூடாது. இரண்டும் என் கையில் இல்லை.

பக்கத்தில் இருந்த பெண்மணி துண்டுக் கட்டைப் பார்த்தார். "என்ன பிள்ளை, பலகாரமோ?"

"புழு" என்றேன், பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படியாக.

அவர் சேலையை ஒதுக்கிக்கொண்டு வாங்கின் ஓரத்துக்கு நகர்ந்தார். பஸ் இருபாலையைக் கடந்துகொண்டிருந்தது.